சாலை ஏறாத மலை: ஸ்காட்ச்மன் சிகரங்களும் இழுபடும் வனாந்தர முன்மொழிவும்

2025 ஜூனில் அமெரிக்க வேளாண் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தேசியக் காடுகளில் சாலை இல்லாமல் எஞ்சியிருக்கும் பகுதிகளில் புதிதாகச் சாலை போடக் கூடாது, வணிகத்துக்காக மரம் வெட்டக் கூடாது என்று 2001 முதல் ஒரு விதி இருக்கிறது. சில விதிவிலக்குகளோடு நடைமுறையில் இருந்த அந்த விதியை நீக்கப்போவதாகத் துறை சொன்னது. உடனே "வனாந்தரப் பகுதிகளுக்கு ஆபத்து" என்று ஒரு தரப்பும், "வனாந்தரப் பகுதிகளை யாரும் தொட முடியாது" என்று இன்னொரு தரப்பும் பேசத் தொடங்கின. இரண்டுமே பாதி உண்மை. சட்டப்படி அறிவிக்கப்பட்ட வனாந்தரத்துக்கும் வெறும் முன்மொழிவாக நிற்கும் வனாந்தரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்கு ஸ்காட்ச்மன் சிகரங்களைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். ஐடஹோ, மான்டானா என்ற இரு மாநிலங்களின் எல்லையில் சுமார் 88,000 ஏக்கர், அதாவது 356 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் மலைப்பகுதி இது. பல பத்தாண்டுகளாக இது "முன்மொழியப்பட்ட" வனாந்தரமாகவே இருக்கிறது.

## நான்கு அடுக்குகள்

அமெரிக்கச் சட்டம் வில்டர்னஸ் என்று சொல்வதைத்தான் இந்தக் கட்டுரை வனாந்தரம் என்கிறது. நம் ஊர் வனவிலங்கு சரணாலயத்தையோ தேசியப் பூங்காவையோ மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் வரும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு நேர் இணையான வகை கிடையாது. கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

1. தேசியக் காடு. அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் இருக்கும் பொது நிலம். மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், கால்நடை மேய்க்கலாம், வேட்டையாடலாம், முகாமிடலாம். எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு.

2. சாலையில்லாப் பகுதி. தேசியக் காட்டுக்குள்ளேயே இதுவரை சாலை போகாத இடங்கள். 2001 விதி முதலில் நாடு முழுக்க 5.85 கோடி ஏக்கரை இப்படிப் பட்டியலிட்டது. இது ஒரு நிர்வாக விதி. ஓர் அரசு கொண்டுவந்ததை இன்னோர் அரசு நீக்க முயலலாம்.

3. பரிந்துரைக்கப்பட்ட வனாந்தரம். வனத்துறை தன் காட்டுத் திட்டத்தில் "இந்த இடத்தை வனாந்தரமாக அறிவிக்கலாம்" என்று எழுதி, அதன் தன்மை கெடாமல் பார்த்துக்கொள்ளும் பகுதி. இதுவும் சட்டம் ஆகாது. திட்டம் மாறினால் பரிந்துரையும் மாறலாம்.

4. வனாந்தரம். நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பகுதி. 1964 செப்டம்பர் 3 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரச் சட்டம்தான் அடிப்படை. பொதுவாகக் குறைந்தது 5,000 ஏக்கர் இருக்க வேண்டும். நிரந்தரச் சாலை, வணிக நிறுவனம், மோட்டார் வாகனம், மோட்டார் கருவி எதுவும் கூடாது. சைக்கிளும் கூடாது. பாதையில் விழுந்த மரத்தை அறுக்கக்கூடப் பொதுவாக இருவர் இழுக்கும் கைரம்பம்தான். ஆனால் நடக்கலாம், குதிரையில் போகலாம், மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம். இதைத் திரும்பப் பெற இன்னொரு சட்டம் வேண்டும்.

ஸ்காட்ச்மன் சிகரங்கள் முதல் மூன்று அடுக்குகளிலும் இருக்கின்றன. நான்காவதற்குப் போகவில்லை. எனவே 2025 அறிவிப்பு போன்ற மாற்றங்கள் எட்டக்கூடிய உயரத்தில்தான் இந்த மலை நிற்கிறது. ஏன் போகவில்லை என்று கேட்பதற்கு முன், இங்கே சாலை ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். அதற்கான விடை நிலத்தில் இருக்கிறது.

## இடம்

மேற்கு கேபினட் மலைகள் என்று அழைக்கப்படும் தொடரின் நடுப்பகுதி இது. தெற்கே கிளார்க் ஃபோர்க் ஆறு, கிழக்கே புல் ரிவர் பள்ளத்தாக்கு, மேற்கே லைட்னிங் ஓடை. தென்மேற்கில் பாண்டரே ஏரி. ஐடஹோவிலேயே மிக ஆழமான இந்த ஏரியின் அடி 1,150 அடி கீழே கிடக்கிறது. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 2,062 அடி. அதன் பக்கத்திலேயே எழும் ஸ்காட்ச்மன் சிகரம் 7,009 அடி. வெறும் எண்ணாகப் பார்த்தால் 7,009 அடி பெரிதில்லை, தொட்டபெட்டாவே 8,600 அடிக்கு மேல். இங்கே கவனிக்க வேண்டியது ஏற்றத்தின் வேகம். ஏரிக்கரையிலிருந்து உச்சி வரை சுமார் 5,000 அடி உயர வேறுபாடு, அதுவும் மிகக் குறுகிய தூரத்துக்குள். சிகரத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை நான்கு மைல்தான், ஆனால் அதற்குள் ஏறக்குறைய 3,700 அடி ஏறிவிடுகிறது.

## பாறை: பழைய கடலடி

உச்சிக்கு அருகே பாதையை மூடிக் கிடக்கும் தட்டையான கற்களில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், சில கற்களில் சிறு சிறு வரிகள் ஓடுவதைக் காணலாம். ஆழமில்லாத தண்ணீர் அலைந்தபோது மணலில் பதிந்த அலைத்தடங்கள் அவை. சிலவற்றில் சேறு காய்ந்து வெடித்த கோடுகளும் உண்டு. வயது சுமார் 140 கோடி ஆண்டு. அப்போது நிலத்தில் செடி கிடையாது, மீன் கிடையாது. பெல்ட் பாறைத்தொகுதி என்று புவியியலாளர்கள் சொல்லும் இந்தப் படிவுகள், பரந்த ஒரு நீர்ப்படுகையில் வண்டலும் மணலும் மைல் கணக்கான தடிமனுக்குச் சேர்ந்து இறுகியவை.

பிற்காலத்தில் மலை எழுந்தபோது இவை மடிந்தும் உடைந்தும் மேலே தள்ளப்பட்டன. மணற்பாறை கடினமான குவார்ட்சைட்டாக மாறியிருப்பதால் மழை அதை எளிதில் அரிப்பதில்லை. உடைந்தால் கூரிய விளிம்போடு பலகை பலகையாக உடைகிறது. செங்குத்தான சுவர்களும் அவற்றின் அடியில் கற்குவியல் சரிவுகளும் இப்படித்தான் உண்டாயின.

இதே தொகுதியில் ரெவெட் என்ற ஓர் அடுக்கில் செம்பும் வெள்ளியும் இருக்கின்றன. 1981இல் தொடங்கிய ட்ராய் சுரங்கம் இந்த மலைகளின் அருகில்தான் அந்த அடுக்கைத் தோண்டியது. வனாந்தர எல்லைக்கோடு எங்கே ஓட வேண்டும் என்ற வாதத்தில் இந்த அடுக்கும் ஒரு மறைமுகப் பங்காளி.

## பனி: மலையடிவாரத்தில் நின்ற அணை

கடைசிப் பனியுகத்தின் முடிவில், ஏறக்குறைய 18,000 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன், கனடாவிலிருந்து இறங்கிய பனிப்படலத்தின் ஒரு நாக்கு இப்போது பாண்டரே ஏரி இருக்கும் பள்ளத்தை நிரப்பி, கிளார்க் ஃபோர்க் ஆற்றின் வாயை அடைத்தது. ஸ்காட்ச்மன் சிகரத்தின் அடிவாரத்தில் சுமார் 2,000 அடி உயரத்துக்குப் பனியாலான அணை. அதன் பின்னால் மேற்கு மான்டானாவின் பள்ளத்தாக்குகளில் தண்ணீர் தேங்கி மிசௌலா பனியேரி உருவானது. கொள்ளளவு 2,000 கன கிலோமீட்டருக்கும் மேல்.

பனி தண்ணீரைவிட லேசானது. ஏரி ஆழமாக ஆக அணையின் அடியில் நீர் புகுந்து குடைந்தது, கடைசியில் அணை உடைந்தது. மொத்த ஏரியும் சில நாட்களில் வடிந்து, வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியின் மண்ணை வழித்துக்கொண்டு பசிபிக் கடலுக்குப் போனது. பனி மறுபடி முன்னேறி மறுபடி அடைத்தது. இப்படிப் பல பத்து முறை. 1923இல் ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற புவியியலாளர் அந்த மண் அரிக்கப்பட்ட நிலத்தைப் பார்த்து "இது ஒரு பெருவெள்ளத்தின் வேலை" என்று எழுதியபோது சக அறிஞர்கள் ஏற்கவில்லை. ஜோசப் பார்டீ 1910லேயே பனியேரியைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டையும் இணைத்துப் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

மலைக்கு மேலே நடந்தது வேறு. உயரத்தில் தனித்தனிப் பனியாறுகள் பாறையைக் குடைந்து கிண்ணம் போன்ற பள்ளங்களையும், அகன்ற அடியும் நிமிர்ந்த சுவரும் கொண்ட பள்ளத்தாக்குகளையும் செதுக்கின. மான்டானா பக்கம் உள்ள லிட்டில் ஸ்பார் ஏரி போன்றவை அந்தக் குடைவில் தங்கிய தண்ணீர். பனியாறுகள் விட்டுப்போன சரளையும் களிமண்ணும் கலந்த தளர்வான குவியல்கள் இன்றும் ஓடைக்கரைகளில் இருக்கின்றன. இந்தச் சரளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

## மழை: கடலில்லாத இடத்தில் கடற்கரைக் காடு

இந்த நிலத்தின் பெரிய வியப்பு இதுதான். பசிபிக் கடற்கரையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, இடையில் வறண்ட ஒரு பெரும் சமவெளியைத் தாண்டி, கடலோர மழைக்காட்டின் மரங்கள் இங்கே வளர்கின்றன. பசிபிக்கிலிருந்து கிழக்கே வரும் ஈரக்காற்று வாஷிங்டனின் சமவெளியைக் கடந்து, முதலில் மோதும் உயரங்களில் கேபினட் மலைகளும் சேரும். மேலே தள்ளப்படும் காற்று குளிர்ந்து, குளிர்காலம் முழுக்கப் பனியையும் மழையையும் கொட்டுகிறது. ஐடஹோவிலேயே அதிக ஈரம் பெறும் பள்ளத்தாக்குகளில் ஒன்று லைட்னிங் ஓடை.

விளைவை ராஸ் ஓடையில் பார்க்கலாம். முன்மொழிவின் கிழக்கு விளிம்பில், 1960இலிருந்து தனியாகப் பாதுகாக்கப்படும் சுமார் 100 ஏக்கர் சிவப்பு சீடர் தோப்பு அது. சில மரங்களின் விட்டம் 8 அடி, உயரம் 175 அடி. வயது நூற்றுக்கணக்கான ஆண்டுகள், சிலவற்றுக்கு ஆயிரத்தைத் தொடுகிறது. பட்டை நார் நாராக நீளவாக்கில் உரிகிறது. பல பெருமரங்களின் அடி உள்ளீடற்றது, ஆள் உள்ளே நின்றுகொள்ளலாம். விழுந்த மரத்தின் முதுகில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கும், ஏனென்றால் தரையில் இருக்கும் பெரணியையும் பாசியையும் மீறி வேர்விட அழுகும் மரம்தான் நல்ல இடம். பள்ளத்தாக்கின் அடி எப்போதும் ஈரமாக இருப்பதால் தீ இங்கே அரிதாகவே நுழைகிறது. அதனால்தான் இவ்வளவு வயது.

சுற்றியிருக்கும் சரிவுகளின் கதை வேறு. 1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டு நாட்களில் ஐடஹோவிலும் மான்டானாவிலும் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்த ஆண்டின் தீ லைட்னிங் ஓடைப் பள்ளத்தாக்கையும் விடவில்லை. எரிந்த மேல்சரிவுகளில் மண் குறைந்துபோய், பல இடங்களில் காடு முழுமையாகத் திரும்பவில்லை. திறந்த அந்தச் சரிவுகளை ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழப் புதர்கள் பிடித்துக்கொண்டன. தெற்கு நோக்கிய வறண்ட பக்கத்தில் பாண்டரோசா பைனும் லார்ச்சும். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனால் அக்டோபரில் பொன்னிறமாகி இலையை முழுதும் உதிர்த்துவிடும்.

உச்சியை நெருங்கும்போது எஞ்சுவது வெண்பட்டைப் பைன். இதன் கூம்பு தானாகத் திறப்பதில்லை. கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்ற காக்கை இனப் பறவை கூம்பைக் கொத்தி விதைகளை எடுத்துப் பல இடங்களில் புதைக்கிறது. மறந்துபோன விதைகள்தான் அடுத்த தலைமுறை. வெளியிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோயும் பட்டை வண்டும் சேர்ந்து இந்த மரத்தை வாரிக்கொண்டு போகின்றன. 2022 டிசம்பரில் இது அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. நோயைத் தாங்கும் கன்றுகளை வனாந்தரத்துக்குள் மனிதர்கள் நடலாமா, கூடாதா என்பது இன்றும் தீராத விவாதம். நடத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நோயைக் கொண்டுவந்தது மனிதர்கள் என்னும்போது கைகட்டி நிற்பதை இயற்கைக்கு விடுவது என்று சொல்ல முடியாது.

## தாழ்நிலம் ஏன் முக்கியம்

1964இல் முதலில் அறிவிக்கப்பட்ட 91 லட்சம் ஏக்கர் வனாந்தரத்தில் பெரும்பகுதி உயரமான பாறையும் பனியும். விலைபோகும் மரங்கள் அங்கே குறைவு, அதனால் எதிர்ப்பும் குறைவு. புல் ரிவர் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும், அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட 94,272 ஏக்கர் கேபினட் மலை வனாந்தரமும் பெரிதும் முகட்டை ஒட்டி நீண்டு ஒடுங்கியதே. ஸ்காட்ச்மன் முன்மொழிவு முகட்டிலிருந்து ஈரப் பள்ளத்தாக்குகள் வரை இறங்குகிறது. இந்த முன்மொழிவின் உண்மையான மதிப்பு அங்கேதான். மூன்று காரணங்கள்:

1. கரடிக்கு. கேபினட்-யாக் பகுதி முழுக்க இருக்கும் கிரிஸ்லி கரடிகள் நூறுக்குக் கீழேதான் மதிப்பிடப்படுகின்றன. மீட்சி இலக்கு 100. குளிர்கால உறக்கம் முடிந்து வரும் கரடிக்கு முதலில் பசும்புல் கிடைப்பது தாழ்வான ஈரநிலத்திலும் பனிச்சரிவுத் தடங்களிலும். கோடையின் முடிவில் மேலே ஹக்கிள்பெரி. வெறும் முகட்டை மட்டும் காப்பாற்றினால் கரடிக்குப் பாதி ஆண்டுதான் இடம் கொடுத்ததாகும். கிரிஸ்லி சாலையைத் தவிர்க்கும் விலங்கு. சாலை இருக்கும் இடங்களில்தான் அது மனிதர் கையால் அதிகம் சாகிறது.

2. மீனுக்கு. புல் ட்ரௌட் என்ற மீன் பாண்டரே ஏரியில் வளர்ந்து, இலையுதிர்காலத்தில் லைட்னிங் ஓடை போன்ற ஓடைகளுக்கு ஏறிவந்து முட்டையிடுகிறது. 1949இல் இந்த ஏரியில் பிடிபட்ட 32 பவுண்டு மீன்தான் அந்த இனத்தின் சாதனை எடை. முட்டைக்கு மிகக் குளிர்ந்த தண்ணீரும் சேறில்லாத சரளையும் வேண்டும். சாலை வெட்டினால் சேறு இறங்கும், சரளையின் இடுக்குகள் அடைபடும், முட்டை மூச்சுத்திணறும்.

3. வெள்ளத்துக்கு. நவம்பரில் புதுப்பனி விழுந்த சில நாட்களில் பசிபிக்கிலிருந்து வெதுவெதுப்பான மழை வந்தால் பனியும் மழையும் ஒன்றாக இறங்கும். பனியாறுகள் விட்டுப்போன தளர்வான சரளைக் கரைகள் அந்த வேகத்தைத் தாங்காது. 2006 நவம்பரில் வந்த வெள்ளம் லைட்னிங் ஓடையை ஒட்டிப் போன வனச்சாலையை அடித்துக்கொண்டு போனது. இங்கே சாலை போடுவது ஒருமுறைச் செலவு கிடையாது. திரும்பத் திரும்பப் போட வேண்டிய சாலை அது.

இந்த மூன்றாவது காரணத்தில்தான் முன்பு கேட்ட கேள்விக்கு விடை. செங்குத்துப் பாறை, நிலையில்லாத சரளை, கட்டுக்கடங்காத வெள்ளம். இவை சேர்ந்துதான் இந்த 88,000 ஏக்கரைச் சாலையிலிருந்து காப்பாற்றின. சட்டம் பின்னால்தான் வந்தது.

ஆளே நுழையாத இடம் என்று இதற்குப் பொருளும் இல்லை. கலிஸ்பெல், கூட்டனை என்ற பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக வேட்டைக்கும் பெரி பறிக்கவும் நடமாடிய நிலம் இது. இன்று சிகரப் பாதையில் அதிகம் பேசப்படுவது வெள்ளை மலை ஆடுகள். வியர்வையின் உப்புக்காக நடப்பவர்களின் கைகளையும் பையின் வார்களையும் நக்க வரும். சிலர் தீனி கொடுத்துப் பழக்கியதில் ஆடுகள் துணிந்து நெருங்க, ஒருவர் கடிபட்டு, 2015இல் வனத்துறை பாதையையே சிறிது காலம் மூடியது.

## நாடாளுமன்றத்தில் என்ன ஆயிற்று

1987 காட்டுத் திட்டங்களில் இந்தப் பகுதி பரிந்துரைக்கப்பட்டது. 2005இல் உள்ளூர் மக்கள் இதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2015 திட்டங்களில் பரிந்துரை மீண்டும் இடம்பெற்றது. 2016 டிசம்பரில் ஐடஹோவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜிம் ரிஷ் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதில் இருந்தது 13,961 ஏக்கர், அதுவும் ஐடஹோவின் பானர் கவுன்டிக்குள் (நம் மாவட்டம் போன்றது) இருப்பது மட்டும். மொத்த முன்மொழிவில் ஆறில் ஒரு பங்கு.

இந்த இடத்தில் மாநில எல்லை ஆற்றையோ முகட்டையோ பின்பற்றாமல் நேர் வடக்காக ஓடும் ஒரு தீர்க்கரேகை. ஒரே மலையை அது நேராக வெட்டிவிடுகிறது. மான்டானா பக்கத்துக்கு அந்த மாநிலத்தின் உறுப்பினர்கள் தனியாக முன்வர வேண்டும்.

எதிர்த்தவர்களின் கவலைகளைத் தட்டிக்கழிக்க முடியாது. வனாந்தரம் என்று அறிவித்துவிட்டால் பனியூர்தி ஓட்டுபவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் வழி அடைபடும். தலைநகர் வாஷிங்டனில் எடுக்கும் முடிவை உள்ளூரில் மாற்ற முடியாது என்ற கோபமும் உண்டு. மரவேலை குறைந்து ஆலைகள் மூடப்பட்டதைப் பார்த்த ஊர்கள் இவை. 2018 மே மாதம் பானர் கவுன்டியில் நடந்த ஆலோசனை வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் "வேண்டாம்" என்றார்கள். அது சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றாலும், ரிஷ் அத்துடன் மசோதாவைக் கைவிட்டார்.

## இப்போது என்ன மாறக்கூடும்

சரி, 2025 அறிவிப்பு இந்த மலையை எப்படித் தொடும்? ஐடஹோவுக்கு 2008இல் தனியாக ஒரு சாலையில்லாப் பகுதி விதி வந்துவிட்டது. நீக்கும் அறிவிப்பு ஐடஹோவையும் கொலராடோவையும் விட்டுவிடுகிறது. எனவே ஸ்காட்ச்மன் சிகரம் நிற்கும் மேற்குப் பகுதிக்கு நேரடி மாற்றமில்லை. மான்டானா பக்கம் 2001 விதியை நம்பி இருக்கிறது. அது போனால் அங்கே எஞ்சுவது காட்டுத் திட்டத்தின் பரிந்துரை மட்டும். ஈரமான சீடர் பள்ளத்தாக்குகளும் லிட்டில் ஸ்பார் ஏரியும் அந்தப் பக்கம்தான்.

நாளைக்கே புல்டோசர் வந்துவிடாது. விதியை நீக்குவதற்கே பொதுமக்கள் கருத்து, சுற்றுச்சூழல் ஆய்வு, அப்புறம் வழக்குகள் என்று நீண்ட பாதை இருக்கிறது. சரிவும் சரளையும் சாலைச் செலவை ஏற்றிக்கொண்டேதான் இருக்கும். புல் ட்ரௌட்டும் கிரிஸ்லியும் அழிவாய்ப்புள்ள உயிரினச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எந்தத் திட்டமும் அந்தச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

கவனிக்க வேண்டிய அடுத்த கட்டம் காட்டுத் திட்டம். தேசியக் காடுகளின் திட்டங்களை 15 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் தாமதமாகிறது, 1987க்குப் பிறகு 2015 வரை ஆனதே சான்று. 2015ஐ வைத்துக் கணக்கிட்டால் அடுத்த திருத்தத்தின் கெடு 2030. எந்த ஏக்கர் பரிந்துரையில் தொடரும், எது நீங்கும் என்று அப்போது புதிதாக எழுதப்படும். அதற்குள் ஐடஹோ அல்லது மான்டானாவின் உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினால் மட்டுமே மூன்றாம் அடுக்கிலிருந்து நான்காம் அடுக்குக்கு இந்த மலை ஏறும்.